வாய்க்குள் போடும் கூரை

வாய்க்குள் கூரை போடுவது என் தொழில். புற்றுநோய்க்காக மேலண்ணத்தை வெட்டி எடுத்தவர்களுக்கு, அந்த ஓட்டையை மூடத் தட்டு செய்து கொடுக்கும் பல் டொக்டர் நான். தட்டு இல்லாவிட்டால் குடிக்கிற தேத்தண்ணி மூக்கால் வரும். பேச்சும் அதே வழிதான். கொரோனாக் காலத்தில் முகக்கவசத்துக்குள் கத்திக் கத்தித் தொண்டை வறண்ட உங்களுக்கு, சொன்னது யாருக்கும் விளங்காமல் போகிற பாடு கொஞ்சம் தெரிந்திருக்கும்.

ஊரே மூடிய காலம்

ஊரடங்கில் பஸ் இல்லை. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, மேலண்ணம் எடுத்த பாக்கியம் தன் கணவர் ராமையாவோடு கொழுந்து லொறியில் ஏறி, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்து இறங்கினார். பாக்கியத்துக்கு ஒரே ஆசை. கொழும்புக் கடையில் மாட்டிக்கொண்ட மகன் பாபுவோடு போனில் தானே பேச வேண்டும். பேசினால் அவனுக்கு விளங்குவதில்லை என்று போனைக் கணவரிடம் கொடுத்துவிடுவாராம்.

முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னேன். குழிந்த கன்னத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ராமையா சொன்னார்: "ஆப்பரேசனுக்குப் பொறகு இப்பதாங்க தல நிமிந்து, காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்குப் போயி பேரு குடுக்குறா. ஊரே மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்குதுல்ல!"

அச்சு எடுத்தது

பாதுகாப்பு உடைக்குள் நான். ஜன்னலுக்கு வெளியே பனி, என் கண்ணாடிக்குள்ளும் பனி. கனவில் நடக்கிறவன் மாதிரித் தடவித் தடவி, ரோஸ் நிறப் பசையை வாயில் வைத்து அச்சு எடுத்தேன். அசையக் கூடாது என்று கத்தினேன். பசை இறுகிய பிறகும் பாக்கியம் அசையவில்லை. பயந்துபோய் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன்.

எங்கள் தாதி சுமனா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "டொக்டர், அம்மா தூங்குறாங்க. சத்தம் போட வேணாம்."

போனில் முறைப்பாடு

தட்டு கொடுத்த கையோடு, அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையையே கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்திவிட்டார்கள். தட்டு ஓரத்தில் குத்துகிறது என்று பாக்கியத்திடமிருந்து போன் வந்தது. தட்டைக் கழற்றிவிட்டு அவர் பேசியதில், அதைக் கண்டுபிடிக்கவே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "தட்டைப் போட்டுக்கொண்டு பேசச் சொல்லுங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

ராமையா போனை வாங்கிப் பொறுமையாகக் கேட்டார்: "போட்டா வலிக்குதுங்க, கழட்டுனா உங்களுக்கு வெளங்காதுங்க. அப்ப நாங்க எப்புடித்தாங்க சொல்றது?"

'ப' வந்த நாள்

தடை நீங்கியதும் வந்தார்கள். குத்திய ஓரத்தை ராவிக் கொடுத்தேன். சுமனா கொண்டுவந்த தேத்தண்ணியைப் பாக்கியம் பனியைப் பார்த்தபடி குடித்தார். மூக்கில் ஒரு சொட்டும் வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த உடைக்குள் அழுதால் துடைக்கவும் முடியாது.

மேலண்ணம் இல்லாதவர் வாயில் 'ப' எல்லாம் 'ம' ஆகிவிடும். அதுவரை அவர் மகனைக் கூப்பிட்டது 'மாமு' என்றுதான். இப்போது போனைத் தானே வாங்கி, "பாபு!" என்றார், மணி மாதிரி. ஸ்பீக்கரில் பையன் சந்தேகத்தோடு கேட்டான்: "யாருங்க பேசுறது? எங்கம்மான்னா, மாமுன்னு கூப்பிடுங்க பாப்போம்."

இத்தனை பாடுபட்டு நான் வாங்கிக் கொடுத்த திருத்தமான உச்சரிப்பில், பாக்கியம் அன்று மகனை ஆசை தீரக் கூப்பிட்டது 'மாமு' என்றுதான்.