இரண்டு நெருப்புப்பெட்டிகள்

அந்த ஆண்டு வட்டுக்கோட்டையில் எங்கள் தோட்டத்து வற்றாளையை, அதுதான் சர்க்கரைவள்ளிக் கிழங்கை, வெட்டினால் உள்ளே கறுத்த துளைகள். கொடியடியில் எறும்பு போல மெலிந்த, சிவந்த கழுத்துள்ள சிறு வண்டுகள் ஊர்ந்தன. கை பட்டதும் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடந்தன.

மூக்கு நீண்டிருந்ததால் கூன்வண்டு என்று நினைத்தேன். ஆனால் கூன்வண்டின் உணர்கொம்பு முழங்கைபோல மடங்கியிருக்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நானே படிப்பித்து வந்தேன். இதற்கோ கம்பிபோல நேராக இருந்தது. விலங்கியல் புத்தகத்தைப் புரட்டினேன். கூன்வண்டுகளில் பழைய, ஆதிக் குடும்பங்களுக்குக் கொம்பு நேராகத்தான் இருக்குமாம். அதை முதல் பக்கத்திலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அதோடும் தெளியவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், சில வண்டுகளின் கொம்பு நுனி நீண்ட தடிபோல இருந்தது. மற்றவற்றுக்குச் சிறு முட்டைபோல. அப்படியானால் இவை இரண்டு இனம் என்று தீர்மானித்தேன். இரண்டு நெருப்புப்பெட்டிகளைக் காலிசெய்து, கலந்துவிடாமல் தனித்தனியே அடைத்தேன்.

மறுநாள் காலை குசினியிலிருந்து மனைவி சத்தம் போட்டாள்.

"குச்சி குவிஞ்சு கிடக்குது, உரசப் பெட்டியில்லை! உங்கடை வண்டு எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ளை கொட்டிப்போட்டன்."

பதறிப்போய்த் திறந்தேன். முட்டைக்கொம்பு வண்டின் முதுகில் தடிக்கொம்பு வண்டு ஏறியிருந்தது. இரண்டும் பிரிவதாக இல்லை. இது எப்படி என்று விளங்காமல் மறுபடியும் புத்தகத்தை எடுத்தேன்.

மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, உதுக்கும் புத்தகம் பாக்கோணுமே?"