வாயைத் திறக்காத சீன வகுப்பு

சீனாவிலிருந்து அரிசிக் கப்பல்கள் வந்துகொண்டிருந்த காலம். துறைமுக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கப்பல்காரரின் பாஷைகளில் இரண்டேனும் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் தலைமை ஆசிரியருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சனிக்கிழமைகளில் விசேட வகுப்பு. ஸ்பானிய மொழிக்கு நான். வாத்தியாராவதற்கு முன் தென்னமெரிக்கா போய்வந்த கப்பலொன்றில் சாப்பாடு பரிமாறியவன். சீன மொழிக்குக் கடைத்தெருவில் பல் பிடுங்கும் சீன டொக்டர். அவர் இங்கேயே பிறந்தவர். என்னைவிடச் சுத்தமாக எங்கள் ஊர்த் தமிழ் கதைப்பார்.

மண்டபம் ஒன்றுதான். முதல் மாதம் ஆளுக்குப் பாதி நேரம். பிறகு எந்த வகுப்பில் பிள்ளைகள் அதிகமோ அதுதான் நிலைக்கும் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கோ அந்த வகுப்பு உயிர். கப்பலை விட்டு வந்தபின் அந்தப் பாஷையில் கதைக்க ஆளில்லாமல், குசினியில் சட்டி கழுவும்போது சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தவன் நான்.

சீனத்தில் ஒரே 'மா'வை நாலு விதமாக ஏற்றி இறக்கிச் சொல்ல வேண்டும். "வாயை நல்லா ஆவெண்டு திறவுங்கோ" என்பார் டொக்டர். பிள்ளைகள் திறப்பார்கள். தொழில் புத்தி விடுமா? 'மா' பாதியில் நிற்க அவர் குனிந்து, "தம்பி, கடவாயிலை ஒண்டு சூத்தையாக் கிடக்கு. அம்மாவோடை டிஸ்பென்சரிக்கு வா" என்பார்.

ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள்.

"சேர், சீன டொக்டர் வகுப்பிலையே பல்லுப் பிடுங்குவாராம். உண்மையோ?"

நான் ஓம் என்று சொல்லவில்லை. யோசிக்கிறவன் மாதிரித் தலையை மட்டும் ஆட்டினேன். அதன்பிறகு சீன வகுப்பில் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் 'மா' சொன்னார்கள். பலர் வரவேயில்லை. என் வகுப்பில் பிள்ளைகள் இருக்க வாங்குகள் போதவில்லை.

தெய்வம் சும்மா இருக்குமா? அந்த வாரமே என் கடவாய்ப் பல் குத்தத் தொடங்கியது. கராம்பு வைத்துப் பார்த்தும் சரிவராமல், கடைசியில் அவருடைய கதிரையிலேயே போய்ச் சாய்ந்தேன். வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, குறடும் கையுமாக நின்று அவர் ஆறுதலாகக் கதைக்கத் தொடங்கினார்.

"மாஸ்டர், பிள்ளையளுக்கு என்னிலை பயம் பிடிச்சிட்டுது. வாற சனிக்கிழமை நீங்கள் என்ரை வகுப்பிலை முன்வாங்கிலை இருந்து, வாயை ஆவெண்டு திறந்து 'மா' சொல்லோணும். உங்களைப் பாத்தா அதுகளுக்குப் பயம் தெளியும். வருவியள்தானே?"

குறடு என் மூக்குக்கு நேரே நின்றது. தலையாட்டினேன்.

சொன்னபடி சனிக்கிழமை, வீங்கிய கன்னத்தோடு முன்வாங்கில் இருந்து, வாயை அகலத் திறந்து 'மா' என்றேன். பிள்ளைகள் எழும்பி எட்டிப் பார்த்தார்கள்.

"சேரின்ரை பல்லொண்டைக் காணேல்லை" என்றாள் அதே பிள்ளை.

மண்டபத்தில் இருந்த அத்தனை வாய்களும் மூடிக்கொண்டன. என்னுடையது மட்டும் திறந்தபடி இருந்தது. டொக்டர் குனிந்து அதற்குள் பார்த்தார்.

"மண்டபத்தை நீங்களே வைச்சிருங்கோ மாஸ்டர்" என்றார். "மற்றப் பக்கத்திலையும் ஒண்டு சூத்தையாக் கிடக்கு. டிஸ்பென்சரிக்கு வாங்கோ."