அன்னையர் தினத்தில் கோழி பொரித்தவள்

அமெரிக்காவின் சவானா நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த கறுப்பினப் பெண் வெர்னெட்டாவுக்கு மே மாதத்து இரண்டாம் ஞாயிறான அன்னையர் தினம் என்றாலே ஆகாது. ஆராதனை நடுவே போதகர், "தாய்மாரெல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். வரிசை வரிசையாகப் பெண்களின் தொப்பிகள் எழும். கல்யாணமாகிப் பதினோரு வருடமாகியும் அவள் உட்கார்ந்தே இருப்பாள்.

மாமியார் ஒடெல்லாவுக்கு அது வேடிக்கை. "புருஷன் கால்சட்டையக் கழட்டி மாட்டினாலே நாங்கல்லாம் முழுகாம ஆயிடுவோம். உனக்கு மட்டும் என்னடி?" என்று சிரிப்பாள். வெள்ளைக்கார டாக்டரோ தொட்டுக்கூடப் பார்க்காமல், "உங்க ஆளுங்களுக்கு இந்தக் குறையே வராதே" என்று அனுப்பிவிட்டார். கணவன் ராய்ஸ், பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று ஆசையாக மஞ்சள் வர்ணம் பூசிய சின்ன அறையை ஒருநாள் சத்தமில்லாமல் சாத்திவிட்டான்.

அன்னையர் தின விருந்துக்குக் கோழி பொரிக்கும் வேலையை வெர்னெட்டா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் எழுந்து நிற்கும்போது தேவாலயத்துச் சமையலறையில் இருந்துவிடலாம் அல்லவா! நான்கு வருடம் அப்படியே ஓடியது.

1978ஆம் வருடம், பாடகர் அங்கியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் டார்சீலியா. பாடகர் குழுவின் முதல் குரல் அவள்தான். பாட்டுக்காகப் பிள்ளையே வேண்டாம் என்றவள் என்று ஊர் பேசியது. வெர்னெட்டாவும் பேசியிருக்கிறாள்.

"தாய்மாருக்குப் பாடணுமாம். என்னால முடியல வெர்னி," என்றாள். "மூணு தடவ தங்கல. யார்கிட்டயும் சொன்னதில்ல."

வெர்னெட்டா அடுப்பை அணைத்தாள். "உன்னப் பத்தி நானும் கண்டபடி பேசியிருக்கேன்டி."

"தெரியும். உன் தொண்டைக்கு எந்தச் சுவரு தாங்கும்?"

சிரிக்கத் தொடங்கி, அழுது முடித்தார்கள். "எதையும் தாங்குறவளுங்கன்னு நம்மளப் பத்திச் சொல்லிச் சொல்லியே அழவிடாமப் பண்ணிட்டாங்க," என்றாள் டார்சீலியா. கோழி பாதி வேகாமலே கிடந்தது.

அவள்தான் வெர்னெட்டாவை அட்லாண்டாவுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு கறுப்பின டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்து, கருப்பை நிறையக் கட்டிகள் என்றார். காலம் கடந்திருந்தது. ஆனாலும் குற்றம் தன்னுடையது அல்ல என்று தெரிந்த அன்று வெர்னெட்டா நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுவருடம் முதல் அந்த ஞாயிறுகளில் இருவரும் டைபீ கடற்கரைக்குப் போனார்கள். டார்சீலியா கண்மூடும்வரை இருபத்தாறு வருடம். இருவருக்குமே பிள்ளை பிறக்கவில்லை. எழுபத்தேழு வயது வெர்னெட்டாவுக்கு இன்று மே மாதம் என்றால் உப்புக்காற்றும், மடியில் வெந்த வேர்க்கடலைப் பொட்டலமும், கடைசி இறாலுக்கு அவர்கள் போட்ட சண்டையும்தான் நினைவுக்கு வருகின்றன.