கொடுக்காத ரத்தம்

பம்பாய் மாதுங்காவில் குடியிருந்த பஞ்சு ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து ஏராளமானோர் காயம்பட்ட அன்று, ஆபீஸ் நண்பர்களோடு அவரும் ரத்தம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். கொஞ்சம் தலைசுற்றும், மறுநாள் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆனால் ஊசியைப் பார்த்ததும் பஞ்சு பயந்துவிட்டார். யாருக்கும் தெரியாமல் வரிசையிலிருந்து நழுவி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏன்னா, ரத்தம் குடுத்தேளா?" என்று கேட்டாள் மனைவி வாலாம்பாள்.

பஞ்சு ஆமென்று தலையாட்டினார்.

அவள் நிறைமாத கர்ப்பிணி. தனக்கு வைத்திருந்த பாலைக் காய்ச்சி அவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம், நீ குடி."

"யாரோ பிழைக்கணும்னு குடுத்துட்டு வந்திருக்கேள். ஒரு நாள் நான் குடிக்காட்டா என்ன?"

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுக்க வழியில்லாமல் குடித்தார். அன்றிரவு அவருக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டார். "நேத்திக்கு நான் குடுக்கல்லே, வாலாம். பயந்து ஓடி வந்துட்டேன். இப்போ போறேன்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி அவ்வளவாக வலிக்கவில்லை. படுத்தபடியே நர்ஸிடம், "நேத்திக்கு ரத்தம் போதுமா இருந்ததா?" என்று கேட்டார். போதவில்லை என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போனாள்.

அதன்பின் ரத்தம் வேண்டுமென்று எப்போது கூப்பிட்டாலும் பஞ்சு போனார். யாராவது பாராட்டினால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.