இலேசான ஃப்ளைவீல்

யுத்த காலக் கண்டியில், சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்தபோது ரேஸ் கார் வாங்கிய முட்டாள் நான். போதாததற்கு, புத்தகத்தில் படித்துவிட்டு, இஞ்சின் நிற்காமல் சீராகச் சுழல உதவும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைக் கழற்றி, வேகம் சட்டென ஏறட்டும் என்று இலேசானதைப் பூட்டச் சொன்னேன்.

"பூட்டித் தாறேன் சேர். ஆனா ஏத்தத்துல மெதுவா எடுத்தா இஞ்சின் நின்டுரும்," என்றார் மெக்கானிக் ஃபளீல் நானா.

ஒருநாள் மனைவியுடன் வீடு திரும்புகையில், அம்பிட்டிய ஏற்றத்தில் சோதனைச்சாவடி. அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் படித்த சிப்பாய், போகச் சொன்னான். இஞ்சின் நின்றது. மறுபடியும் நின்றது. வெடிகுண்டுக் கார் என்று நினைத்தானோ, துப்பாக்கி நிமிர்ந்தது.

மூன்றாம் முறை இஞ்சினை நன்றாக இரையவிட்டுக் கிளச்சை விட்டேன். கார் பாய்ந்தது! சிப்பாய் சிரித்துக் கையசைத்தது கண்ணாடியில் தெரிந்தது. முன்னால் போன பஸ்ஸையும் முந்தினேன். உயிர் தப்பியதைவிட அந்தப் பாய்ச்சல்தான் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

"பாத்தீரோ?" என்றேன் மனைவியிடம்.

"ஓம், பாத்தனான். எங்கட வீட்டைத் தாண்டி ஒரு மைல் வந்திட்டம்."