வாங்கும் ஒரு ஆயுதம்தான்!

இன்றைக்கு ஜெர்மனியில், ஹம் நகரத்து மண்டபத்தில், ஒரு ஆயுதத்தின் மேல் ஏறி இருந்துவிட்டேன். எனக்கே தெரியாது!

பேத்தி நிலானிக்குக் குங்ஃபூ பரீட்சை. ஆளுக்கொரு சீன ஆயுதம் பிடித்து ஆடிக் காட்ட வேண்டும். போன முறை தவறிவிட்டு அழுதுகொண்டு வந்தவள்.

"உனக்கு என்ன ஆயுதம் பிள்ளை?" என்று போனில் கேட்டிருந்தேன்.

"பாங்க், அம்மம்மா."

காசு போடுகிற பாங்க் என்று நினைத்தேன். (இந்த நாட்டில் அதுவும் ஆயுதம்தானே!)

மண்டபத்தில் கதிரைகள் எல்லாம் பின்னுக்கு. முன்னுக்கு, விரிப்பின் ஓரத்தில், ஒடுங்கலாய் ஒரு நீட்டு மர வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. அதன் நடுவில் ஏறி இருந்து, பக்கத்தில் என் கைப்பையை வைத்தேன்.

சம்பந்தி வந்தார். நிலானியின் அப்பம்மா.

"கொஞ்சம் தள்ளி இருங்கோவன்."

"அது என்ட தங்கச்சிக்குப் பிடிச்சு வைச்ச இடம்," என்றேன்.

"உங்களுக்குத் தங்கச்சியே இல்லையே!"

"வருவா."

(அறியாதவர்களுக்கு: நிலானி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் இதே சம்பந்திதான் முன்வரிசைக் கதிரையில் தன் பச்சைக் கைப்பையை இருத்தி, "பாரிசிலயிருந்து என்ட தங்கச்சி வாறா" என்றவர். தங்கச்சி வரவேயில்லை. கைப்பை முழு விழாவையும் பார்த்தது. நான் வீடியோக்காரனின் முதுகைப் பார்த்தேன். மறப்பேனா?)

முதலில் ஈட்டி. கழுத்தில் சிவப்புக் குஞ்சம். எதிராளியின் கண் குஞ்சத்தோடு போக, நுனி நெஞ்சுக்கு வந்துவிடும்!

"இதுதான் திறம். ஒருத்தரையும் கிட்ட வர விடாது," என்றார் சம்பந்தி, நின்றபடியே.

"கிட்ட வந்திட்டா? அவ்வளவு நீட்டுத் தடியை வைச்சு என்ன செய்யிறது?"

பிறகு வளைந்த வாள். அகலம், ஒரு பக்கம்தான் கூர். வெட்ட வந்தால் வெட்ட வருகிறது என்று தெரியும். எனக்குப் பிடித்துக்கொண்டது.

அடுத்தது நேர்வாள். மெல்லிசு, இரண்டு பக்கமும் கூர்.

"எவ்வளவு நளினம்!" என்றார் சம்பந்தி.

"ஓம், சிரிச்சுக்கொண்டே ரெண்டு பக்கமும் வெட்டும். அப்படி ஆக்களை எனக்குத் தெரியும்."

சம்பந்தி கூரையைப் பார்த்தார்.

"நிலானி! பாங்க்!" என்று கூப்பிட்டார் மாஸ்டர்.

பிள்ளை நேரே என்னிடம் வந்தாள்.

"அம்மம்மா, எழும்புங்கோ!"

"நான் எழும்பினா இவ இருந்திடுவா."

"ஐயோ, ஒருத்தரும் இருக்க ஏலாது! இதுதான் என்ட ஆயுதம்!"

ஜெர்மனில் வாங்குக்கும் பாங்க் என்றுதான் பேராம்! மண்டபமே சிரித்தது. நான் துள்ளி எழும்பினேன். இந்த முறையும் தவறினால் பழி என் தலையில்தான்.

தூக்கினாள். சுழற்றினாள். ஈட்டிக்காரன் குத்த வர, வாங்குக் கால்களுக்கு நடுவே ஈட்டியைச் சிக்கவைத்து ஒரே முறுக்கு. ஈட்டி கீழே! (அடி வாங்கத்தான் அதற்கு வாங்கு என்று பேர் வைத்தார்களோ!)

"என்ட பேத்தி!" என்று நானும் சம்பந்தியும் ஒரே நேரத்தில் கத்தினோம். மாஸ்டர் தலையாட்டினார். பாஸ்!

நிலானி வாங்கைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். "இப்ப ரெண்டு பேரும் இருங்கோ."

வாங்கின் இந்த நுனியில் நான், அந்த நுனியில் அவர்.

"கவனம், ஒராள் சொல்லாமல் எழும்பினா மற்றாள் கவிண்டு விழுவா!"

இதைப் பிள்ளை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சம்பந்தி, மடியில் அதே பச்சைக் கைப்பையோடு, வடை கடித்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டு எழும்பியிருப்பேனா, சொல்லாமல் எழும்பியிருப்பேனா? என்னை அறிந்தவர்கள் சொல்லுங்கள் பார்ப்போம்!