எழுமாற்றில் வந்த வீடு

எழுமாற்று மாதிரி என்றால் என்னவென்று எங்கள் ஊரான ஓர்ஸ் ஹில்லில் ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. கணக்கெடுப்பாளர் பயிற்சி வகுப்பில் அது வெகு லேசு. வீடுகளுக்கு இலக்கம் போட்டுக் கொடுத்தால் கணினி கண்ணை மூடிக்கொண்டு சிலவற்றை எடுக்கும். நாங்கள் அந்த வீடுகளுக்கு மட்டும் போய்க் கேள்வி கேட்கவேண்டும். பக்கத்து வீட்டில் தேத்தண்ணீர் தருகிறார்கள் என்பதற்காக அங்கே இருந்து படிவத்தை நிரப்பக்கூடாது. இத்தனை வருட வேலையில் நான் ஒரு வீட்டையும் மாற்றியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

எங்கள் ஊரில் பட்டியலில் பெயர் சும்மா வருவதில்லை. நிவாரணமோ விசாரணையோ, யாராவது கொடுத்துத்தான் வரும். இந்த முறை கணினி எடுத்த பதினேழாம் இலக்க வீட்டு அக்காவும் என்னிடம் முதலில் கேட்டது, பெயரைக் கொடுத்தது யார் என்றுதான். கணினி என்றேன். அவர் பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நேரெதிர்க் கோபம். ஏதோ உதவி வருகிறதாம், தன் பெயரைப் பதினேழாம் இலக்கத்து அக்கா வெட்டுவித்துவிட்டாராம். நான் மறுமுறை போனபோது இருவருக்கும் கதை பேச்சில்லை. பதினேழில் பிரிட்ஜ் இல்லை. புருஷனுக்குச் சீனி வருத்தம்; அவருடைய இன்சுலின் இருந்தது பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில். ரோஷத்தில் அக்கா அதை எடுத்துவந்து ஒரு சட்டித் தண்ணீருக்குள் வைத்திருந்தார். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. மருந்து பழுதானால் அந்த மனுஷனின் கதி என்ன?

இருவரையும் வாசல் படலையடிக்குக் கூப்பிட்டேன். ஒழுங்கையின் இருபத்திரண்டு வீட்டு இலக்கங்களையும் சீட்டில் எழுதி, பிஸ்கட் பேணியில் போட்டுக் குலுக்கி, கணினி செய்தது இவ்வளவுதான் என்று சொல்லி, பக்கத்து வீட்டு அக்காவைக் கண்ணை மூடி ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். விரித்தார். பதினேழு.

எல்லாச் சீட்டுக்கும் சம வாய்ப்பு, ஆகவே பதினேழும் வரலாம் என்றேன். கணக்கு விதி என் பக்கம்தான் இருந்தது. வேறு ஒருவரும் இல்லை.

“தம்பி, நீங்கள் சீட்டில அடையாளம் வைச்சிருக்கிறியள்,” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பதினேழாம் இலக்கத்து அக்கா அவருடைய கையைப் பிடித்தார். “இந்தத் தம்பிதான் எங்களைத் தெரிஞ்செடுத்திருக்கிறார். நான் வீணா உங்களைச் சந்தேகப்பட்டிட்டன்.”

மறுக்க வாயெடுத்தேன். சட்டி ஞாபகம் வந்தது.

“ஓம் அக்கா, நான்தான் தெரிஞ்செடுத்தனான்,” என்றேன்.

பக்கத்து வீட்டு அக்கா என்னைத் திரும்பியும் பாராமல் பதினேழுக்குள் போய், மருந்தை எடுத்துத் துடைத்து, தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். அதன்பிறகு பதினேழாம் இலக்கத்து அக்கா எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். கடைசிப் பக்கத்தில், இந்த வீடு எழுமாற்றாகவே தெரிவானது என்று நான் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தேன். அவர் அதை நிதானமாக வாசித்தார்.

“பயப்பிடாதேங்கோ தம்பி,” என்றார். “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”